தூவாவைத் தீவுக்கு அனுப்பிய கோடை

பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைத்த செய்தியைச் சுன்னிவா முதலில் என்னிடம்தான் சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. நாங்கள் இருவரும் வேலை பார்த்த கருவாடு ஏற்றுமதிக் கிடங்கில், கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, யாரோ இறந்துபோன சேதியைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இடம் குடுத்துட்டாங்க. இப்ப என்ன பண்றது?"

அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. நார்வேயின் பெர்கன் நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளி முடித்த கையோடு கிடங்குக்கு வந்து, மீனைத் தரம் பிரிக்கும் மேசையில் தொடங்கி, கப்பலில் சரக்கு ஏற்றும் பிரிவுக்கே பொறுப்பாளராக ஆனவள். வேலைக்கு நடுவிலேயே தபால்வழியில் ஒரு பட்டமும் வாங்கியிருந்தாள். இனி முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை. ஆசை கைக்கு வந்ததும் அவளுக்குப் பயம் வந்தது.

வகுப்பு தொடங்குவது ஆகஸ்டில். ஆனால் படிப்பை விட்டுப் பல வருஷமானவர்களுக்கு ஜூலையில் மூன்று வாரம் கணக்குப் பயிற்சி உண்டு. அதன் இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு தேர்வு. தேறினால்தான் சேர்க்கை உறுதி. சிக்கல் அங்கேதான் இருந்தது. ஜூலையில் நார்வே மொத்தமும் கடையைச் சாத்திவிட்டுக் கடலோரக் குடிசைகளுக்குப் போய்விடும். பள்ளி கிடையாது, பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடமும் கிடையாது. சுன்னிவாவின் மகள் தூவாவுக்கு ஏழு வயது. அவளை எங்கே விடுவது?

சுன்னிவாவின் அம்மா இரண்டாவது கணவரோடு ஸ்பெயினில் குடியேறியிருந்தார். அங்கே அடிக்கிற வெயிலில் குழந்தை வாடிவிடும் என்றார். முடியாது என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். வடக்கே திரொம்சோவில் இருந்த தங்கைக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நான் வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஜூலையில் என் தம்பியின் கல்யாணத்துக்கு வெளிநாடு போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தூவாவின் சிநேகிதிகளுடைய வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்ள, மிஞ்சியது ஒரே ஒரு ஆள். தூவாவின் அப்பா ஐவின்.

ஐவின் கெட்டவன் இல்லை. படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரன், வாயைத் திறந்தால் சிரிக்க வைப்பான். குடிதான் அவனைத் தின்றது. தூவாவுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒருநாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் மதியமே குடித்துவிட்டுச் சோபாவில் தூங்கிப்போனான். சுன்னிவா வேலை முடிந்து வந்து தேடியபோது, குழந்தை தெருவைத் தாண்டி இறங்கிப் படகுத்துறையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே கறுப்பாகத் தண்ணீர். சத்தம் போடாமல் பின்னாலிருந்து மெதுவாகப் போய்த் தூக்கியதாகச் சுன்னிவா சொல்லியிருக்கிறாள். அந்த வாரமே பிரிந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஐவின் சிகிச்சைக்குப் போனான். தன் அப்பா விட்டுச்சென்ற வீட்டில், ஹெஸ்தோய் தீவில் குடியேறினான். குடிப்பதை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சனிக்கிழமைகளில் பெர்கனுக்கு வந்து தூவாவை வெளியே கூட்டிப்போவான். சுன்னிவா பக்கத்திலேயே எங்காவது இருப்பாள். ஓர் இரவுகூட மகளை அவனிடம் தனியாக விட்டதில்லை. இப்போது மூன்று வாரம் விட வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சமையலறையில் உட்கார்ந்து அவனிடம் கேட்டாள். அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. மேசையில் இருந்த பழுப்புச் சீஸைச் சீவிச் சீவி, ரொட்டியே இல்லாமல் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் கேட்டான்.

"நீ நம்பித்தான் கேக்குறியா, இல்ல வேற வழியில்லாம கேக்குறியா?"

"வேற வழியில்ல."

"சரி. பொய் சொல்லியிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

அதன்பின் ஏற்பாடுகள் நடந்தன. சுன்னிவாவின் பயம் முழுவதும் அந்த ஏற்பாடுகளுக்குள் இறங்கிவிட்டது. தூவாவை நீச்சல் வகுப்பில் சேர்த்தாள். புதிதாக மிதவைச் சட்டை வாங்கி, வீட்டுக் கூடத்திலேயே போட்டுக் கழற்றிப் பழக்கினாள். கடல் பக்கம் போனால் அதைப் போடாமல் ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். தினமும் மதியம் பயிற்சியின் உணவு இடைவேளையில் வீடியோவில் பேசுவது என்று ஐவினோடு முடிவு செய்தாள். தீவில் பக்கத்து வீட்டுக்காரி போர்கில் என்றொருத்தி. ஐம்பத்தைந்து வயது, கணவன் இல்லை, ஆடு வளர்ப்பவள். அவளுடைய எண்ணையும் வாங்கி வைத்தாள்.

ஒன்றை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள், துணிகளைப் பையில் அடுக்கும்போது, அப்பா வழக்கம்போல் இல்லை என்று தோன்றினால் போர்கில் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள். தூவா சாக்ஸைச் சுருட்டிக்கொண்டே, "வாசம் வந்தாலா?" என்று கேட்டாள். மூன்று வயதில் நடந்தது எதுவும் பிள்ளைக்கு நினைவிருக்காது என்றுதான் சுன்னிவா அதுவரை நம்பியிருந்தாள்.

பெர்கன் துறையில் விரைவுப் படகு புறப்பட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஐவின் கையைப் பிடித்துக்கொண்டு தூவா ஜன்னல் வழியாக நாக்கை நீட்டிக் காட்டினாள். சுன்னிவாவும் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, படகு மறைந்ததும் மீன்சந்தைக் கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

முதல் வாரம் நன்றாகவே போனது. தூவா நண்டு பிடித்தாள். போர்கிலின் ஆட்டுக்குட்டி ஒன்று தன் பின்னாலேயே வருகிறது என்றாள். திரையில் அவளுக்குப் பின்னால் தெரியும் ஐவினின் முகத்தைத்தான் சுன்னிவா உற்றுப் பார்ப்பாள். கண் சிவந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, ஏன் இன்று ஷேவ் செய்யவில்லை. பயிற்சியில் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள் விரல் சொடுக்கும் நேரத்தில் கணக்கை முடித்துவிட்டுக் கிரீஸுக்குப் போவதா குரோஷியாவுக்குப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ ஆசிரியர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பிள்ளையையும் விட்டுவிட்டுப் படிப்பும் ஏறாமல் இரண்டும் கெட்டானாக ஆகிவிடுவோமோ என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள்.

இரண்டாம் வாரம் வந்த புதன்கிழமை ஐவினின் நாற்பதாவது பிறந்தநாள். அன்று பேசும்போது தூவா மட்டும்தான் திரையில் இருந்தாள். வாஃபிள் சுட்டோம், அப்பாவின் கூட்டாளி ஒட்வார் வந்துவிட்டுப் போனார் என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பா அப்பறம் பேசவே இல்லம்மா" என்றாள்.

அப்பாவிடம் கொடு என்றாள் சுன்னிவா. ஐவின் வந்தான். களைப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றான். வார்த்தை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை, எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் அழைத்தாள். போர்கிலை அழைத்தாள், அங்கும் எடுக்க ஆளில்லை. தீவில் சில இடங்களில் சிக்னல் இருக்காது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். மதிய வகுப்பு தொடங்கியது. பயிற்சி ஆசிரியர் மறுநாள் தேர்வுக்கு எது எது வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சுன்னிவா மேசைக்கு அடியில் கைபேசியை அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள். பையைக்கூட எடுக்கவில்லை. இளநீலச் சட்டை போட்ட ஒரு பையன், "எங்க போறீங்க, இதுதான முக்கியம்" என்று பின்னாலிருந்து கேட்டதாக ஞாபகம் என்பாள். அவள் அதற்குள் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

படகு பிடித்தாள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுவாள். வெளியே வெயில் நன்றாக அடித்திருக்கிறது. விடுமுறைக் குடும்பங்கள் இறால் உரித்துத் தின்றுகொண்டு, ஸ்ட்ராபெர்ரிப் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. எதிர் இருக்கைப் பெண்மணி அவளிடமும் ஒரு பழத்தை நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்திருந்தாள். கரை வந்தபோது பார்த்தால் விரலெல்லாம் சிவப்பு, நசுக்கிக் கூழாக்கியிருந்தாள். வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. கணக்குப் படிக்க வேண்டும் என்று யார் அழுதது?

போலீசுக்குச் சொல்லலாமா என்றும் யோசித்திருக்கிறாள். சொன்னால் ஐவின் மகளைப் பார்க்கும் உரிமை அன்றோடு போய்விடும். ஒன்றும் இல்லாத விஷயமாக இருந்துவிட்டால் அவன் மறுபடி எழுந்திருக்க மாட்டான். சொல்லாமல் விட்டு, ஏதாவது ஆகியிருந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள். எண்ணைத் திரையில் தட்டிவிட்டு அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில், முதலில் வீட்டைப் பார்த்துவிடுவோம் என்று கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

ஹெஸ்தோய் துறையில் இறங்கியது அவள் ஒருத்திதான். ஐவின் தன் படகைக் கட்டும் இடத்தைப் பார்த்தாள். படகு இல்லை. கயிறு மட்டும் தண்ணீரில் கிடந்தது.

மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்தே இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பதில் இல்லை. சமையலறை மேசையில் நேற்றைய வாஃபிள் தட்டு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு எலுமிச்சைச் சோடா பாட்டில். உள்ளே இருந்தது சோடா இல்லை. இந்தப் பக்கத்துத் தீவுகளில் வீட்டிலேயே காய்ச்சும் சாராயத்தை அப்படித்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். மூடி இறுக்கமாக இருந்தது. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் அது ஒன்றா இரண்டா, முதல் பாட்டிலா கடைசிப் பாட்டிலா, யாருக்குத் தெரியும்?

கூடத்துக்குத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்து ஆணியில், தூவாவின் மிதவைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

படகு இல்லை. சட்டை இங்கே இருக்கிறது.

அதற்கப்புறம் என்ன செய்தாள் என்பது அவளுக்கே முழுதாக நினைவில்லை. துறைக்கு இறங்கி ஓடியிருக்கிறாள். மரப்பாலத்தில் முழங்காலிட்டுக் குனிந்து, பலகைகளுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, தண்ணீருக்குள் பார்த்திருக்கிறாள். கடற்பாசி அசையும் ஒவ்வொரு தடவையும் அது முடியாகத் தெரிந்திருக்கிறது. கத்தவில்லை. கத்தினால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது என்றாள்.

மேட்டுப் பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டது. போர்கில் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பக்கத்தில், காதை மறைக்கும் பெரிய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தூவா உட்கார்ந்திருந்தாள்.

சுன்னிவா அப்படியே பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். தூவா ஓடிவந்து, "பரீட்சை நாளைக்குத்தானம்மா?" என்று கேட்டாள். சுன்னிவா பிள்ளையின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். ஆட்டு வாடையும் டீசல் வாடையும் அடித்தது.

போர்கில் இறங்கவில்லை. எஞ்சினை மட்டும் நிறுத்தினாள்.

"காலையில கொண்டாந்து விட்டான். நான் வர்றவரைக்கும் இவ உன் கண்ணு முன்னாலயே இருக்கணும், எதையும் கேக்காதன்னான். நானும் கேக்கல. மேல மேய்ச்சல்ல இருந்தோம், அங்க போன் வேலை செய்யாது."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல. குடிச்சவன் மூஞ்சி எனக்குத் தெரியும். இது பயந்தவன் மூஞ்சி."

ஐவின் சாயங்காலம் வந்தான். படகைக் கட்டிவிட்டு நிமிர்ந்தவன், துறையில் சுன்னிவா நிற்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். போர்கில் தூவாவை, குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனாள்.

நடந்தது இதுதான். ஒட்வார் பிறந்தநாளுக்கு அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பழைய கூட்டாளி, ஐவின் குடியை விட்டது தெரிந்தும், நாற்பது வயதுக்கு ஒரு வாய் குடித்தால் என்ன என்று நினைத்திருக்கிறான். ஐவினால் அதைக் கொட்ட முடியவில்லை. கொட்டுவதென்றால் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் வாசம் வரும். விடியும்வரை அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். காலையில் தூவா எழுந்து வந்து, அப்பா இந்தச் சோடாவை நான் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விதான் அவனை நாற்காலியிலிருந்து எழுப்பியது. உடனே மகளைப் போர்கிலிடம் விட்டுவிட்டு, படகை எடுத்துக்கொண்டு நேரே எதிர்க்கரைக்கு, தனக்குச் சிகிச்சை கொடுத்த நர்சிடம் போய்விட்டான். கைபேசியை ஆட்டுப்பட்டியின் சுவரிலேயே மறந்து வைத்துவிட்டான்.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றாள் சுன்னிவா. "அந்த நர்சோட போன்ல இருந்து?"

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

"சொன்னா நீ இவளைக் கூட்டிட்டுப் போயிடுவ."

"ஆமா, போயிடுவேன்."

"அதான் பண்ணல" என்றான். "நான் குடிக்கல, சுன்னிவா. ஆனா குடிச்சிருப்பேன். இவ மட்டும் வீட்ல இல்லாம இருந்திருந்தா, நேத்தே குடிச்சிருப்பேன். இதையும் தெரிஞ்சுக்கோ."

அவள் அவனை அடித்தாள். தோளில், இரண்டு கையாலும். வாழ்நாளில் யாரையும் அடித்தவள் இல்லை. அவன் நகரவில்லை. அடித்து முடித்தபின், இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அவள் மூடியைத் திறந்து கழிவுத்தொட்டியில் கொட்டினாள். வாசம் வராதபடி அவன் வெளியே காற்றடிக்கும் பக்கமாக நின்றான்.

அன்று கடைசிப் படகு போய்விட்டிருந்தது. மறுநாள் தேர்வு அவள் இல்லாமலே நடந்தது. காலையில் பயிற்சிப் பொறுப்பாளரை அழைத்து, குடும்பத்தில் ஒரு அவசரம் என்றாள். வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்டில் ஒரு மறுதேர்வு உண்டு, ஆனால் அதை எழுத மூன்றாம் வார வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், தவறவிடக் கூடாது என்று பதில் வந்தது. ஆக, திங்கட்கிழமை மறுபடி பெர்கனில் இருக்க வேண்டும். மறுபடியும் அதே கேள்வி. பிள்ளை எங்கே?

கூட்டிக்கொண்டு போய்விடுவது என்றுதான் சுன்னிவா முடிவு செய்திருந்தாள். பிசினஸ் ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கிடங்கில் படிப்புக்காக விட்ட பழைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது. என்னிடம் போனில் கேட்டாள், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் ஐவினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயந்துபோன நேரத்தில் அவன் செய்த முதல் காரியம் பிள்ளையைத் தன்னிடமிருந்தே அப்புறப்படுத்தியதுதான் என்பது அவளுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது. அதை நம்பிக்கை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அது ஒன்றுமில்லாததும் அல்ல.

சனிக்கிழமை போர்கில் வீட்டுக்குப் போய், மீதி நாட்களில் தூவா பகலில் அப்பாவோடு இருந்துவிட்டு இரவு இங்கே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். போர்கில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே முடியாது என்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் காவக்காரி வேலை பாக்க மாட்டேன். அவன் மூஞ்சியைப் பாத்து உனக்குச் செய்தி சொல்ல நான் என்ன வானொலியா?"

சுன்னிவா வாசல்வரை வந்துவிட்டாள். அங்கே ஐவின் நின்றிருந்தான், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உள்ளே போய்க் கத்தியை வாங்கி, தானும் ஒரு கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினான்.

"அவ கேக்குறதுக்காகச் செய்ய வேணாம், போர்கில். நான் கேக்குறேன். எனக்கு ஆசை வந்தா உங்கிட்ட நானே வந்து சொல்றேன். அவளுக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன். நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. பிள்ளைக்குப் படுக்க ஒரு எடம் மட்டும் குடு."

போர்கில் அவனைச் சிறுவயதிலிருந்து அறிந்தவள். "தோலைத் தடிமனாச் சீவாதடா, பாதி கெழங்கு போகுது" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

சுன்னிவா ஞாயிற்றுக்கிழமை தனியாகப் படகேறினாள். முதல் தடவையைவிட அந்தத் தடவைதான் பயம் அதிகம் என்றாள். அப்போது என்ன நடக்கலாம் என்று கற்பனைதான் செய்திருந்தாள். இப்போது மரப்பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாயிற்று. புதன்கிழமை காலை ஐவின் அழைத்தான். எழுந்ததிலிருந்து வாய் வறண்டு கிடக்கிறது, போர்கிலிடம் சொல்லிவிட்டேன், நர்சுடன் பேசிவிட்டேன், தூவா ஆட்டுப்பட்டியில் இருக்கிறாள் என்றான். கைபேசியைப் பிடித்தபடி கல்லூரி நடைபாதையின் சுவரில் சாய்ந்து நின்றாள். கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று உடம்பின் ஒவ்வொரு எலும்பும் சொன்னது. "சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். அன்று நடத்திய பாடம் அவளுக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

மறுதேர்வில் தேறினாள், பெருமைப்படும்படி ஒன்றுமில்லை, தேறினாள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. இரண்டு வருஷப் படிப்பில் பல நாள் அவள் பயத்தோடுதான் எழுந்தாள், பயத்தோடுதான் படுத்தாள். முதல் பனிக்காலத்தில் ஐவின் ஒருதரம் தவறிக் குடித்துவிட்டான். தவறிய அன்றே அழைத்து, இந்தச் சனிக்கிழமை நான் வரமாட்டேன், காரணத்தைத் தூவாவிடம் நானே சொல்கிறேன் என்றான். சொன்னான். தூவா அழுதாள், கோபப்பட்டாள், ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு அவளே அழைத்து ஆட்டைப் பற்றிக் கேட்டாள்.

இப்போது சுன்னிவா துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கை நடத்துகிறாள். போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குச் சந்தித்தோம். தூவாவுக்குப் பத்து வயதாகிவிட்டது, இந்தக் கோடையில் தீவுக்குத் தனியாகப் படகேறிப் போகப் போகிறாளாம். பயமாக இல்லையா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நேத்திலருந்து தூக்கமில்ல" என்றாள். பிறகு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.